கேளுங்கள், சொல்கிறேன்: இந்த இதழில் பீட்டர் ஃபால்க் மட்டும்

போன இதழில் “உங்களுக்குப் பிடித்த துப்பறிவாளர் யார்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். “லெப்டினன்ட் கொலம்போ” என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வந்த கடிதங்களில் பாதி “யார் அவர்?” என்கின்றன, மீதிப் பாதி “அவரைப் பற்றி இவ்வளவுதானா?” என்று கோபிக்கின்றன. இரு தரப்பையும் சமாதானப்படுத்த, இந்த இதழ் முழுவதையும் அந்த வேடத்தில் நடித்த பீட்டர் ஃபால்க்குக்கே கொடுத்துவிட்டேன். முடி கொட்டுவது பற்றியும் மாமியார் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கொலம்போ கதைகளில் கொலைகாரன் யார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்களாமே! அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது, மேடம்?
*(பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்)*

பாரதக் கூத்துப் பார்க்கப் போகிறவர்களில் துரியோதனன் சாவான் என்று தெரியாதவர் யாராவது உண்டா? விடிய விடிய உட்கார்ந்துதானே பார்க்கிறோம்.

கொலம்போ, லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் கொலை வழக்குகளைப் பார்க்கும் லெப்டினன்ட். கற்பனைப் பாத்திரம். பள்ளிக்கூட நாளிலிருந்தே சேர்ந்து எழுதிய ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரு நண்பர்கள் உருவாக்கியது. அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சியில் 1971 முதல் 1978 வரையிலும், பிறகு ஏபிசியில் 1989 முதல் 2003 வரையிலும் வந்தது. முன்னோட்டமாக எடுத்த இரண்டு படங்களையும் சேர்த்து மொத்தம் 69 கதைகள்.

கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்கு லெப்டினன்ட் தலையே தெரியாது. ஒரு பணக்கார டாக்டரோ, பிரபல எழுத்தாளரோ, இசைக்குழு நடத்துபவரோ வெகு நேர்த்தியாகத் திட்டம் போட்டு ஒருவரைக் கொல்வார். நாம் முழுதாகப் பார்ப்போம். அதன் பிறகு கசங்கின மழைக்கோட்டோடு, தலை வாராமல், சுருட்டைப் பற்றவைக்கத் தீப்பெட்டி தேடிக்கொண்டு ஒருவர் வந்து சேருவார். கொலைகாரருக்கு முதலில் சிரிப்பு. பிறகு எரிச்சல். அப்புறம் வயிற்றில் புளி கரைக்கும். இந்த மூன்றும் அந்தப் பணக்கார முகத்தில் ஒவ்வொன்றாக வருவதைப் பார்க்கத்தான் உட்காருகிறோம்.

கேள்வி: ஃபால்க்குக்கு ஒரு கண் கண்ணாடியால் செய்தது என்கிறார்களே, நிஜமா?
*(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)*

நிஜம். வலது கண். 1927 செப்டம்பர் 16ஆம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தவர். 3 வயதில் கண்ணில் புற்றுநோய் வந்து கண்ணையே எடுத்துவிட்டார்கள். வளர்ந்தது ஆஸினிங் என்ற சின்ன ஊரில். அப்பா அம்மா துணிக்கடை வைத்திருந்தார்கள். அந்த ஊருக்கு இன்னொரு பெருமை, சிங் சிங் சிறைச்சாலை அங்கேதான்.

பள்ளியில் பேஸ்பால் ஆடும்போது நடுவர் இவரை அவுட் என்று சொல்லிவிட்டாராம். இவர் செயற்கைக் கண்ணைக் கழற்றி நடுவர் கையில் கொடுத்து, “இதை வைத்துப் பாருங்கள், உங்களுக்கு உதவும்” என்றாராம். இந்தக் கதையை அவரே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை தடவை சொன்னாலும் கேட்பவர்கள் சிரித்தார்கள்.

ஒற்றைக் கண் என்பதால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலைக்குப் போனார். கப்பலில் கேப்டனுக்குக் கண் தெரிந்தால் போதுமே என்பது அவர் வாதம். பிறகு சினிமா வாய்ப்புத் தேடி கொலம்பியா ஸ்டுடியோவுக்குப் போனபோது அதன் தலைவர் ஹாரி கோன், “இதே சம்பளத்துக்கு இரண்டு கண் உள்ள நடிகன் எனக்குக் கிடைப்பான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஃபால்க்கைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்தக் கண்ணிலேயே நின்றுவிடுகிறார்கள். என் கணக்கில் அவரை உருவாக்கியது கண் இல்லை. அடுத்த கேள்வியில் வருகிற சமாச்சாரம்.

கேள்வி: சின்ன வயதிலிருந்தே நடிகரா? வேறு வேலை பார்த்திருக்கிறாரா?
*(மின்வாரிய ஊழியர், விழுப்புரம்)*

கேட்டீர்களே, நல்ல கேள்வி. சர்க்கார் வேலை பார்த்தார்! நானும் வெகுகாலம் ஃபைல் புரட்டியவள் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம்.

சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1953இல் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினார். சிஐஏவில் சேர விண்ணப்பித்தார். கப்பலில் வேலை பார்த்தபோது சமையல்காரர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தாரே, அதைக் காட்டி அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள் (அந்தச் சங்கத்தின் மேல் அப்போது கம்யூனிஸ்ட் முத்திரை). பிறகு கனெக்டிகட் மாநில பட்ஜெட் அலுவலகத்தில், ஹார்ட்ஃபர்ட் நகரத்தில் உத்தியோகம். எந்த வேலையை எப்படிச் சிக்கனமாக, சீக்கிரமாக முடிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிற வேலை. முதல் நாள் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதே தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று பிற்பாடு அவரே கிண்டலடித்தார்.

சாயங்காலம் அதே ஊரில் ஓர் அமெச்சூர் நாடகக் குழு. அதோடு வாரம் ஒரு நாள் வெஸ்ட்போர்ட் வரை காரோட்டிக்கொண்டு போய் ஈவா லெ கலியென் நடத்திய நடிப்பு வகுப்பு. அந்த அம்மாள் அமெரிக்க நாடக மேடையின் பெரிய மனுஷி. தொழில்முறை நடிகர்களுக்கு மட்டும்தான் வகுப்பு. நம் ஆள் “நானும் தொழில்முறை நடிகன்தான்” என்று பொய் சொல்லிச் சேர்ந்துவிட்டார். ஆபீஸ் முடிந்து புறப்பட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியுமா? ஒவ்வொரு வாரமும் தாமதம். ஒரு நாள் அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். ஏன் எப்போதும் லேட்? ஹார்ட்ஃபர்டிலிருந்து வருகிறேன். அங்கே என்ன நாடகம் நடக்கிறது, நீ அங்கே என்ன செய்கிறாய்? வேறு வழியில்லாமல் உண்மை வெளியே வந்தது: நான் நடிகன் இல்லை.

“அப்படியானால் நீ நடிகனாக இருக்க வேண்டியவன்” என்றாராம் அம்மாள்.

வேலையை ராஜினாமா செய்துவிட்டு 1956இல் நியூயார்க் போனார். வயது 28, 29. அந்தத் தொழிலில் அது கிழவயது. ஆனால் ஓர் அரசு அலுவலகத்தின் நாற்காலியில் சில வருஷம் உட்கார்ந்து எழுந்தவருக்குக் கிடைக்கிற ஒன்று, இருபது வயதில் மேடையேறியவருக்குக் கிடைக்காது. கொலம்போ காகிதத்துண்டுகளைப் பையிலிருந்து எடுத்துத் தேடுவதையும், பெரிய மனிதர் வீட்டு வாசலில் தயங்கி நிற்பதையும், “இதை முடித்துக் கொடுக்காவிட்டால் மேலதிகாரி விடமாட்டார் சார்” என்கிற தினுசில் கெஞ்சுவதையும் பாருங்கள். ஹீரோவாக இருந்து ஏழையாக நடிப்பவர்களுக்கு அது வராது. சம்பளத்துக்கு வேலை பார்த்த உடம்பு அது.

கேள்வி: கொலம்போ வேடத்துக்கு முதலில் நினைத்தது அவரைத்தானா?
*(மருந்துக்கடை வைத்திருப்பவர், காரைக்குடி)*

இல்லை. 1960இலேயே பெர்ட் ஃப்ரீட் என்ற நடிகர் அந்தப் பெயரில் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் வந்துவிட்டார். 1962இல் மேடைநாடகமாக வந்தபோது தாமஸ் மிட்செல் நடித்தார். 1968இல் படமாக எடுக்கும்போது லீ ஜே. காப் பெயர் அடிபட்டது. பாடகர் பிங் க்ராஸ்பியையும் கேட்டார்கள். வயதான ஆள்தான் வேண்டும் என்று எழுதியவர்களின் எண்ணம். க்ராஸ்பி மாட்டேன் என்றுவிட்டார். கோல்ஃப் ஆட நேரம் போய்விடுமே என்று அவர் கவலைப்பட்டதாகச் சொல்வார்கள். எப்படியோ கதை ஃபால்க் கைக்குப் போயிற்று. அவராகவே ஃபோன் பண்ணி, இந்த வேடத்துக்காகக் கொலைகூடச் செய்வேன் என்றார். நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குள் அவர் ஒன்றும் தெரியாத முகம் இல்லை. 1960இல் வந்த ‘மர்டர், இன்க்.’ படத்தில் கூலிக் கொலைகாரனாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை. அடுத்த வருஷம் ஃப்ராங்க் காப்ரா படத்துக்கு மறுபடி. இரண்டிலும் கிடைக்கவில்லை. முதல் தடவை மேடையில் “பீட்டர்...” என்று ஆரம்பித்ததும் இவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாராம். “...உஸ்டினோவ்” என்று முடித்தார்கள். பொத்தென்று உட்கார்ந்துகொண்டார். 1962இல் தொலைக்காட்சி நாடகம் ஒன்றுக்காக எம்மி விருது வாங்கினார். அதற்குப் பின் கொலம்போவுக்காக நான்கு எம்மி.

கேள்வி: அந்த மழைக்கோட்டு, ஓட்டைக் கார், நாய் எல்லாம் யார் யோசனை?
*(தையல்கடைக்காரர், ஈரோடு)*

கோட்டு அவருடைய சொந்தச் சொத்து. நியூயார்க் 57ஆம் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கடையில் நுழைந்து 15 டாலருக்கு வாங்கினார். உடையலங்காரக்காரர்கள் எடுத்து வைத்த எதுவும் பிடிக்காமல் வீட்டு அலமாரியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்தார். தைக்கிறவர் நீங்கள், கவனித்திருப்பீர்கள்: மழையே பெய்யாத கலிஃபோர்னியாவில் ஒரு மனுஷன் வருஷம் பூராவும் மழைக்கோட்டோடு அலைகிறான் என்றால், அவன் பேச்சை யார் சீரியஸாக எடுத்துக்கொள்வார்கள்? அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

கார், 1959ஆம் வருஷத்து பிஜோ 403. ஸ்டுடியோவின் வண்டிகள் நிற்கிற கொட்டகையில் காட்டிய எதுவும் பிடிக்காமல், மூலையில் கிடந்த அதை அவரே பொறுக்கினார். நாய் மட்டும் அவர் யோசனை இல்லை. கோட்டு, சுருட்டு, கார் எல்லாம் இருக்கும்போது நாய் வேறு எதற்கு என்று சண்டை போட்டார். கொண்டுவந்து காட்டினார்கள். தொங்கிய காது, வழிகிற ஜொள்ளு, நகர்வதற்கே சோம்பல். பார்த்தார், சரி என்றுவிட்டார்.

கேள்வி: கொலம்போ தன் மனைவியைப் பற்றி ஓயாமல் பேசுகிறாரே, ஒரு தடவையாவது காட்டக்கூடாதா?
*(இல்லத்தரசி, திருநெல்வேலி)*

காட்டாமல் இருந்ததால்தான் நீங்கள் இன்றைக்கும் கேட்கிறீர்கள். 1979இல் என்பிசி அந்த அம்மாளை வைத்துத் தனித் தொடர் எடுத்தது. உருவாக்கியவர்களுக்கே அதில் சம்மதம் இல்லை. சீக்கிரமே நின்றுவிட்டது.

கேள்வி: வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து “இன்னும் ஒரே ஒரு விஷயம்” என்கிறாரே, அது ஃபால்க் கண்டுபிடித்ததா?
*(வழக்கறிஞர், மதுரை)*

சோம்பேறித்தனம் கண்டுபிடித்தது! நாடகத்தை டைப் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு காட்சி சின்னதாகிவிட்டது. கொலம்போவோ அதற்குள் வெளியே போய்விட்டார். முழுப் பக்கத்தையும் திரும்ப டைப் அடிக்க லெவின்சனுக்கும் லிங்குக்கும் மனசில்லை. போனவரைத் திரும்ப உள்ளே வரவைத்தார்கள்.

ஆனால் அதை ஆயுதமாக்கியது ஃபால்க். காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே வசனத்தில் இல்லாத பென்சிலைத் தேடுவார், எதிரே இருப்பவரின் ஷூ என்ன விலை என்று கேட்பார். எதிரில் நடிப்பவருக்கு நிஜமாகவே என்ன செய்வதென்று தெரியாது. அந்தத் திகைப்பு அப்படியே படத்தில் பதிவாகும். உங்கள் தொழிலில் குறுக்கு விசாரணைக்குப் பயன்படுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த ஒரு கதையை மட்டும் விவரமாகச் சொல்லுங்களேன்.
*(வங்கி அதிகாரி, சேலம்)*

1973இல் வந்த ‘எனி ஓல்டு போர்ட் இன் எ ஸ்டார்ம்’. முடிவையும் சொல்லப்போகிறேன், வேண்டாம் என்பவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவுங்கள்.

ஆட்ரியன் கார்ஸினி என்பவர் ஒயின் தயாரிக்கிறவர். டொனால்ட் ப்ளெசன்ஸ் நடித்திருக்கிறார். ஒயினைத் தவிர உலகத்தில் எதன் மேலும் பற்றில்லாத மனிதர். தம்பி முறையானவன் தோட்டத்தை விற்கப் பார்க்கிறான். ஆத்திரத்தில் அடித்து, நிலவறையில் போட்டுப் பூட்டி, ஏர்கண்டிஷனரை அணைத்துவிட்டு நியூயார்க் கிளம்பிவிடுகிறார். தம்பி மூச்சு முட்டிச் சாகிறான். திரும்பி வந்து உடலைக் கடலோரத்தில் போட்டு, கடலுக்குள் நீந்தப் போய் விபத்தில் செத்தவன் மாதிரி ஜோடிக்கிறார்.

கொலம்போவுக்கு ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது. கடைக்காரரிடம் போய்ப் பாடம் கேட்கிறார். பிறகு கார்ஸினியை ஒரு பெரிய ஹோட்டலில் விருந்துக்கு அழைக்கிறார். கடைசியில் பழைய போர்ட் ஒயின் ஒன்று வருகிறது. ஒரு வாய் வைத்ததும் கார்ஸினி கொதித்து எழுகிறார்: சூட்டில் கெட்டுப்போன சரக்கை எனக்கா கொடுக்கிறீர்கள்! ஊழியர்கள் நடுங்குகிறார்கள். கொலம்போ மட்டும் பணிவாக மன்னிப்புக் கேட்கிறார்.

அந்தப் பாட்டில் கார்ஸினியின் சொந்த நிலவறையிலிருந்து லெப்டினன்ட் எடுத்து வந்தது. அவர் ஊரில் இல்லாத நாட்களில் வெளியே கடும் வெயில்; ஏர்கண்டிஷனர் ஓடவில்லை; வாழ்நாள் சேமிப்பு மொத்தமும் பாழ். அதை நாக்கால் கண்டுபிடிக்க ஊரில் ஒரே ஆளால்தான் முடியும், அந்த ஆள் கொலைகாரர்தான். அவர் ரசனையே சாட்சி சொல்லிவிட்டது. கெட்டுப்போன பாட்டில்களைக் கடலில் எறிந்துகொண்டிருக்கும்போது கொலம்போ வந்து நிற்கிறார்.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் உள்ளது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் தோட்டத்து வாசலில் காரை நிறுத்தி, கொலம்போ இனிப்பு ஒயின் ஒன்றை எடுத்து ஊற்றிக் கொடுக்கிறார். விருந்தின் கடைசியில் பரிமாற வேண்டிய வகை. கார்ஸினி பாட்டிலைப் பார்க்கிறார். நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள் என்று பாராட்டுகிறார். அதற்கு ஃபால்க் முகத்தைப் பாருங்கள். கேலியும் இல்லை, வென்ற திமிரும் இல்லை. பெரியவர் ஒருவர் பாராட்டிவிட்டாரே என்று கூச்சப்படுகிற பையன் முகம். இரண்டு பேரும் அமைதியாகக் குடிக்கிறார்கள். கொலைகாரனை மதித்துக்கொண்டே கைது செய்ய இன்னொரு நடிகரால் முடியுமா, தெரியவில்லை.

கேள்வி: டிவியோடு சரியா? நல்ல சினிமா ஒன்றும் இல்லையா?
*(திரைப்படச் சங்க உறுப்பினர், கோயம்புத்தூர்)*

சங்கத்துக்காரர் தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள் போலிருக்கிறது. கொலம்போ கொடுத்த காசை அவர் என்ன செய்தார் தெரியுமா? நண்பர் ஜான் கசவெட்டீஸ் எடுத்த ‘எ உமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’ (1974) படத்துக்கு, யாரும் பணம் போட முன்வராதபோது, கையிலிருந்து 5 லட்சம் டாலர் போட்டார். கசவெட்டீஸ் வீட்டை அடமானம் வைத்தார். படத்தை வாங்கவும் ஆளில்லை. தாங்களே தியேட்டர் தியேட்டராகப் பேசி வெளியிட்டார்கள். மனநிலை பிறழும் மனைவியாக ஜீனா ரோலண்ட்ஸ், என்ன செய்வதென்று தெரியாமல் கத்துகிற கட்டடத் தொழிலாளிக் கணவனாக ஃபால்க். லெப்டினன்டின் சாயல் துளியும் கிடையாது.

அப்புறம் விம் வெண்டர்ஸின் ‘விங்ஸ் ஆஃப் டிசையர்’ (1987). பெர்லினுக்குப் படப்பிடிப்புக்கு வந்த நடிகராக, தானாகவே வருகிறார். தெருப்பையன்கள் கொலம்போ என்று கூப்பிடுகிறார்கள். குளிரில் ஒரு தெருவோரக் காப்பிக் கடையில் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத தேவதூதனிடம், நீ இங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்கிறார். காப்பியும் சிகரெட்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும், குளிரும்போது இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று தேய்த்துக் காட்டி ஆசை காட்டுகிறார். இடைவேளைகளில் அவர் ஆட்களைப் பென்சிலால் வரைவதும் படத்தில் வரும். நிஜ வாழ்க்கையிலும் அவர் விடாமல் வரைந்தவர்.

கேள்வி: பழகுவதற்கு லெப்டினன்ட் மாதிரியே சாதுவா?
*(ஓய்வுபெற்ற தபால்காரர், பெரம்பலூர்)*

பணம் கொடுத்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். திருப்தி வரும்வரை மறுபடி மறுபடி எடுக்கச் சொல்வார். செலவு எகிறும், நாள் இழுக்கும். ஒரு கதையை நான்தான் இயக்குவேன் என்று பிடிவாதம் பிடித்து வாங்கி இயக்கினார். சம்பளத்துக்காகச் சேனலோடு இழுபறி நடத்தியிருக்கிறார். கசங்கின கோட்டு தானாகக் கசங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைசிக் காலம் எப்படி?
*(செவிலியர், வேலூர்)*

நன்றாக இல்லை. மறதி நோய். 2009இல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன டாக்டர், கொலம்போ என்ற பாத்திரமே அவருக்கு நினைவில்லை என்றார். அவரை யார் பொறுப்பில் வைத்துப் பார்ப்பது என்று இரண்டாவது மனைவி ஷெராவுக்கும் வளர்ப்பு மகள் கேத்தரினுக்கும் வழக்கு. பொறுப்பு மனைவிக்குப் போனது. 2011 ஜூன் 23ஆம் தேதி பெவர்லி ஹில்ஸ் வீட்டில் காலமானார். வயது 83.

அதன் பிறகு கேத்தரின் சும்மா இருக்கவில்லை. இப்படிப் பொறுப்பாளர் கையில் இருக்கும் நோயாளியின் உடல்நிலை, மரணம் பற்றிப் பிள்ளைகளுக்குத் தகவல் சொல்ல வேண்டும், பார்க்கவிட வேண்டும் என்று கேட்டுப் பல மாநிலங்களில் அலைந்தார். நியூயார்க் உட்படச் சில மாநிலங்களில் சட்டமே வந்தது. ‘பீட்டர் ஃபால்க் சட்டம்’ என்றுதான் பெயர். உங்கள் வார்டில் இந்தச் சண்டை எத்தனை பார்த்திருப்பீர்கள்!

கேள்வி: சரி, பார்க்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?
*(ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்)*

‘மர்டர் பை தி புக்’ (1971). 24 வயது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கியது. அடுத்து மேலே சொன்ன ஒயின் கதை. அப்புறம் ராணுவப் பள்ளியில் நடக்கிற ‘பை டான்ஸ் எர்லி லைட்’ (1974). அதில் வில்லனாக வந்த பேட்ரிக் மக்கூஹனுக்கும் எம்மி கிடைத்தது. கிழவி எழுத்தாளராக ரூத் கார்டன் வருகிற ‘ட்ரை அண்ட் கேட்ச் மி’ (1977) பாக்கி இருக்கட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. 1989க்குப் பிந்தையவற்றில் பாதியை விட்டுவிடலாம்; அதில் கொலம்போ கொஞ்சம் கூடுதலாகவே கொலம்போவாக இருக்கிறார். என் அண்ணன் மகன் வாங்கிக் கொடுத்த டிவிடி பெட்டி என்னிடம் இருக்கிறது. இரவல் கேட்டு எழுத வேண்டாம், தரமாட்டேன்.